கட்டுரையின் பின்பக்கம்

கல்லூரிப் பேராசிரியை சுகிர்தத்தின் மேசை இழுப்பறையில் பாதி எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கிடந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா.

"இந்த வாரமாவது அம்மா என்னை முடிப்பாரா?" என்றது கட்டுரை.

"திருத்தாத விடைத்தாள் நூற்றிருபது இருக்கிறது. நீ வேறு!" என்றது பேனா.

"ஆய்வுக்கென்றே ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்களே."

"லீவு போட்டவர்களின் வகுப்பெல்லாம் அதில்தான் வந்து விழுகிறது, அசடே."

மறுநாள் சுகிர்தம் சிரித்த முகத்தோடு வந்தார். ஆய்வை வளர்க்கக் கல்லூரி ஒரு குழு அமைத்து, அவரையே தலைவராக்கியிருந்தது.

"பார்த்தாயா, எனக்கு நல்ல காலம்!" என்றது கட்டுரை.

சுகிர்தம் அவசரமாகக் கட்டுரையை எடுத்துத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினார்:

"முதல் கூட்டம். பொருள்: நம் ஆசிரியர்கள் ஏன் எழுதுவதில்லை?"

"வலிக்கிறதா?" என்று மெல்லக் கேட்டது பேனா.