கடைவாய்ப்பல்லின் பொருமல்

கடைவாய்ப்பல்லுக்கு வயிறெரிந்தது. நேற்று வந்த செயற்கைப் பல்லைத் தாடையெலும்பு அப்படி அணைத்துக்கொண்டிருந்தது!

"எல்லாம் உன் வேர்ல பூசியிருக்கிற நானோ பூச்சு பண்ற மயக்கம்டா," என்று பொருமியது.

"நான் வெளியாள் அண்ணே. எலும்பு ஒதுக்கிடக் கூடாதுன்னு பூசியிருக்காங்க. இங்கேயே முளைச்ச உங்களுக்கு அது எதுக்கு?" என்றது புதுப்பல்.

கடைவாய்ப்பல் காதில் வாங்கவில்லை. தன்னையும் நாலு பேர் கவனிக்கட்டும் என்று வேண்டுமென்றே ஆடத் தொடங்கியது.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். "இந்த இடத்துலயும் பூச்சுப் போட்டதையே வெச்சிடலாம்," என்றார்.

"கேட்டியா? எனக்கும் பூச்சு!" என்று துள்ளியது கடைவாய்ப்பல்.

குறடு வந்து கடைவாய்ப்பல்லைக் கவ்வி இழுத்தது. அப்போது, விடமாட்டேன் என்று கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த எலும்புதான்.