சத்து மாத்திரை

"அத்தை, அவரோட சத்து மாத்திரை டப்பா எங்க?"

பூரணி கேட்டதும் கெங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தீந்துபோச்சு. இனிமே வேணாம். ஆம்பளைக்கு எதுக்குத் தெனம் சத்து?"

பச்சைப் பொய். டப்பா அரிசி ட்ரம்முக்குள் கிடந்தது. அது சத்து மாத்திரையும் இல்லை. மகன் மதியழகனின் வலிப்பு மாத்திரை.

அந்த நோயை மறைத்துத்தான் கல்யாணத்தை முடித்திருந்தாள் கெங்கம்மாள். ஆம்பூருக்குள் பெண்ணெடுத்தால் விஷயம் கசிந்துவிடும் என்று அணைக்கட்டு வரை போய்ப் பெண் பார்த்த கெட்டிக்காரி. "பொண்டாட்டிகிட்ட வாயத் தொறந்தே, என்னை உசுரோட பாக்க மாட்டே" என்று மகனிடம் சத்தியம் வேறு.

கல்யாணமாகி மூன்று வருடம். பேரப்பிள்ளை இல்லை. வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று யாரோ சொல்ல, போன வாரம் அவளே நிறுத்திவிட்டாள். அம்மா பிள்ளையும் சரியென்று தலையாட்டிவிட்டான்.

"டாக்டரைக் கேட்டீங்களா அத்தை?"

"சத்து மாத்திரைக்கு இன்னாடி டாக்டர்? ஒரு புள்ள பெத்துக் குடுக்கத் துப்பில்ல, கேள்வி மட்டும் ஜாஸ்தி!"

சொல்லி வாய் மூடவில்லை. உள்ளே தடாலென்று சத்தம். மதியழகன் தரையில் விழுந்து கிடந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

கெங்கம்மாள் சாவிக்கொத்தைத் தேடி ஓடினாள்.

"சாவியெல்லாம் வேணாம் அத்தை. நகருங்க, காத்து வரட்டும்."

பூரணி பதறவே இல்லை. மடித்த லுங்கியை அவன் தலைக்கடியில் வைத்தாள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

அவன் கண்ணயர்ந்த பிறகு சொன்னாள். "அரிசி ட்ரம்ல இருக்கறத எடுத்துக் குடுங்க. புள்ள விஷயமா நான் டாக்டரைக் கேட்டுட்டேன். வலிப்பு அடிக்கடி வந்தா அதுவே ஆண்மையைக் கெடுக்குமாம். மாத்திரையால கம்மியாவுதுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா, வேற மாத்திரை மாத்தித் தருவாராம். நாமளா நிறுத்தவே கூடாதாம். நாளைக்கே இவரை இட்னு போறேன்."

கெங்கம்மாள் உடைந்து அழுதாள். "பாவி நான், உன்னை ஏமாத்திட்டேன்டி. எல்லாம் எப்படிம்மா தெரியும்?"

"அழாதீங்க. நீங்க 'சத்து மாத்திரை'ன்னு சொல்றப்பல்லாம் சிரிப்பை அடக்கறதுதான் எனக்குப் பேஜாரு." மாமியாரின் கண்ணைத் துடைத்தாள் பூரணி. "கல்யாணத்துக்கு முன்ன நான் ஷூ கம்பெனிக்குப் போனேன்ல? ஒருநாள் அங்க ஏதோ வேலையா வந்த இவரு இழுப்பு வந்து விழுந்துட்டாரு. மோந்து பாக்க வைக்கிறேன்னு ஆளுக்கொரு ஷூவைத் தூக்கினு ஓடியாந்தாங்க. அத்தனை பேரையும் விரட்டிட்டு இவரு தலையத் தாங்கிப் புடிச்சது நான்தான். இவருக்கு நெனப்பில்ல. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு அடையாளம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா…?"

"தெரிஞ்சுதான் அத்தை கழுத்தை நீட்டினேன்."