கார்வின் ஏன் நீட்டுகிறான்?

கிதாரில் கார்வினின் விரல்கள் மூன்றாவது முறையாக மெட்டின் தொடக்கத்துக்கு ஓடின. ஓனிக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் தீவின் எசப்பாட்டுப் போட்டியில் சட்டம் ஒன்றுதான். பானையிலிருந்து ஒரு தலைப்பு எடுப்பார்கள். ஒருவர் பாட, மற்றவர் அந்த இடத்திலேயே கட்டிப் பதில் பாட வேண்டும். வாத்தியம் மூன்று சுற்று வரும்வரை யோசிக்கலாம். அதற்குமேல் மணி. மணி அடித்தால் ஆட்டம் க்ளோஸ்.

எனக்கு நல்லதுதான். அவள் வாயடைத்துப் போனால் கிரீடம் இந்த வருடமும் லார்ட் பாரகுடாவுக்கு. அதாவது எனக்கு. தொடர்ந்து பதினோராவது வருடம்.

மூன்று மணி வெயில். அரிமா ஊர் மைதானம் அடுப்பில் வைத்த கலலூக் கீரைக் குழம்பு மாதிரி தளதளத்தது.

ஓனிக்கா பாயின்ட் ஃபோர்ட்டின் ஊர்க்காரி. மாக்ஸி டாக்ஸி என்கிற ஷேர் வேன் ஓட்டுகிறவள். மேடைக்குப் புதுசு. மைக்கை இடுப்புவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண்ணில் கெஞ்சல்.

பாவம். தலைப்பும் லேசானதுதான். நானாக இருந்தால் பத்துப் பாட்டு கட்டியிருப்பேன்.

"காலையில தின்ன டபுள்ஸ் ரொட்டி தொண்டையில மாட்டிக்கிச்சா?" முன்வரிசையில் ஒருத்தன் கத்தினான்.

"தண்ணி குடுங்கப்பா! வேணாம், ரம்மே குடுங்க. அதுவாச்சும் பாடும்!" என்றாள் குடை பிடித்த ஒருத்தி.

மைதானம் குலுங்கிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மணி மட்டும் அடிக்கவில்லை.

காரணம் கார்வின். சுற்று முடிய வேண்டிய இடத்தில் ஒரு சுரத்தை வளைத்து, தெருவிலிருந்து சந்துக்குள் திரும்புகிறவன் மாதிரி எங்கேயோ நுழைந்துவிட்டான். சுற்று முடியாமல் எப்படி மணி அடிப்பது?

படுபாவி. இந்த சீசன் முழுக்க இதே வேலை. என் பாட்டுக்கு நடுவிலும் இப்படித்தான் இழுத்துக்கொண்டே போகிறான். "பாட்டுக்காரன் நீயா, நானாடா?" என்று போன வாரம்கூடத் திட்டினேன்.

"விரல் நிக்க மாட்டேங்குது பாஸ்" என்று பல்லைக் காட்டினான்.

இப்போது ஜாஸ். நியூயார்க்கில் நிலவறை கிளப்புகளில் ஏழு வருடம் பழகியது. ஒரு நரம்பு கேள்வி கேட்டது. இன்னொன்று பதில் சொல்லாமல் சிகரெட் பற்றவைத்தது.

வெயில் மங்கியது போலிருந்தது. மழை நின்ற தெரு. யாரோ ஒரு பெண் குடையை மடக்குகிறாள். அவள் கழுத்தில் ஒரு மச்சம். எனக்கு நன்றாகத் தெரிந்தவள். பெயர் நாக்கின் நுனிவரை வந்து, திரும்பிப் போய்விட்டது.

கார்வின் காலடியில் இருந்த பெட்டியை மிதித்தான். கிதார் உறுமியது.

மெட்டல். ஜெர்மனியில் இடுப்புவரை முடி வளர்த்து, கறுப்புச் சட்டைப் பையன்களோடு ஒன்பது வருடம் போட்ட கூச்சல். இங்கே வந்து முதன்முதலில் அதை வாசித்தபோது, "பேய் ஓட்டுறியா?" என்று கேட்டவன் நான்.

இன்றைக்கு அந்த உறுமலுக்கு அடியில் எங்கள் ஊர்க் கலிப்ஸோ தாளம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே புயல். கீழே, எதுவும் நடக்காதது போல நீந்துகிற மீன்.

கேலி பேசிய கூட்டம் எழுந்து ஆடியது. நடுவர்கூட மேஜையில் விரலால் தட்டினார்.

நான் மிதந்தேன். பூயி மரம் மஞ்சள் பூவாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயது கார்வின் இரவல் கிதாரோடு என் பின்னால் வந்து நின்றான். கடல் காற்றில் அவன் சட்டை படபடத்தது. அப்புறம் மரமும் இல்லை, கடலும் இல்லை. மஞ்சள் மட்டும் இருந்தது.

யாரோ விசிலடித்தார்கள். விழித்துக்கொண்டேன்.

ஓனிக்கா அதே இடத்தில், அதே மௌனத்தோடு. கார்வின் என் பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தான். தாடையிலிருந்து வியர்வை கிதார்மேல் சொட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக, எந்த நாட்டுக்குப் போனாலும் திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன். என் எதிராளியைக் காப்பாற்றவா இத்தனை பாடு?

பின்வரிசையில் டாய்லெட் காகிதச் சுருள்கள் உயர்ந்தன. வெள்ளை வெள்ளையாக ஆடின. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்: இறங்கு.

பெருந்தன்மை காட்ட நினைத்தேன். மேடை நடுவுக்கு வந்து கையை நீட்டி, "பாடும்மா, உன் முறைதானே!" என்றேன். மைக்கிலேயே.

மைதானம் கப்பென்று அடங்கியது. கிதார் மட்டும் நிற்கவில்லை.

ஓனிக்கா மேடையைக் கடந்து வந்தாள். என் மைக்கை உள்ளங்கையால் பொத்தினாள். காதோடு வாயை வைத்தாள்.

"அங்கிள், நான் பாடி முடிச்சு ரொம்ப நேரமாச்சு. இது உங்க முறை."

கார்வினைப் பார்த்தேன். அவன் அவளைப் பார்க்கவேயில்லை. அவன் கண் என் உதட்டின்மேல் இருந்தது.

"தலைப்பு என்னம்மா?" என்றேன்.

"ரோட்டுக் குழி." அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பதறாதீங்க. இந்த சீசன்ல நீங்க மறந்து நின்னுபோன எடத்துல எல்லாம் அவருதான் வாசிப்ப நீட்டி இழுத்துப் புடிச்சாராம். இன்னிக்கும், நீங்க வாயத் தொறக்கிற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்னு காலையிலயே எங்கிட்ட சொல்லிட்டாரு."