எதிர்மாடத்து வெயில்

மூன்று நாள் மழை ஓய்ந்து பத்துமித் துறைமுக நகரில் காலை மலர்கிறது. கடலை மறைத்தெழுந்த புதிய கண்ணாடிக் கோபுரம், தான் வாங்கிய ஞாயிற்றின் கதிரையெல்லாம் எதிர்வீட்டு லமாராவின் இரும்புப் பூவேலை மாடத்தில் மட்டும் சொரிகிறது. எதேரியின் மாடத்தில் நிழலே நிற்கிறது. இரு மாடங்களையும் இணைத்து உருளைகளில் சுற்றிவரும் துணிக்கயிற்றில் எதேரியின் கணவன் தேமுரின் வெள்ளைச் சீருடைச் சட்டை ஈரமாய்த் தொங்குகிறது. பத்து மணிக்கு அவன் துறைமுகப் படகேற வேண்டும். எதேரி கயிற்றை இழுக்கிறாள். சட்டை வெயிலுக்குப் போகிறது. லமாராவின் துணிகள் நிழலுக்கு வருகின்றன.

“என் வெயிலுக்கு வாடகை குடுப்பியாடி?” என்று சிரிக்கிறாள் லமாரா, வரம் பெற்றவள்போல்.

“எங்க கடலைத் தின்ன கோபுரம்டி அது. உன் வெயிலாம்ல, உன் வெயில்.”

“சரி, கோவிக்காத. இங்கயே காயட்டும். நானே தேச்சுத் தர்றேன்.”

துறைமுகத்தில் சங்கு ஒலிக்கிறது. தேமுர் தெருவைக் கடந்து எதிர்மாடியேறுகிறான். இஸ்திரிச் சூடு ஆறாத சட்டையை அணிந்து, அந்தப் பொன்னொளியில் நின்று, பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டுகிறான். லமாரா அவன் கழுத்துப்பட்டையை நேராக்குகிறாள். எதேரியின் முகத்தெதிரே லமாராவின் ஈரத்துணிகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒதுக்கித்தான் தன் கணவனை அவள் பார்க்க வேண்டியிருக்கிறது.