வழி தெரிந்தவள்

அம்புக்குறி நகரவில்லை.

கலாமணி விரலால் போன் திரையைத் தட்டிப் பார்த்தாள். வரைபடத்தின் நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

பின்சீட்டில் அந்தப் பெண் மறுபடியும் முனகினாள். இந்த முறை நீளமாக.

பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கென்றுதான் அவள் ஆட்டோவில் ஏறியிருந்தார்கள், கணவனும் மனைவியும். பாதி வழியில் வலி வந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னால் வலி கேட்டுக்கொள்ளும் என்பது மாதிரி.

மெயின் ரோட்டில் பாலம் வேலை. தடுப்பு வைத்து வண்டிகளைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே நுழைந்ததும் போன் கையை விரித்துவிட்டது.

அவனுடைய போனும் அப்படியே.

கலாமணிக்கு வழி தெரியாது.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் யாராவது ஒருத்தி கூட வந்தால்தான் வீடு வந்து சேருவாள். கல்யாணமான புதிதில் கறிவேப்பிலை வாங்கப் போய் இரண்டு மணி நேரம் அலைந்தாள். நாற்பது வயதில் ஆட்டோ ஓட்டப் போகிறேன் என்றபோது வீடே சிரித்தது. கோயம்புத்தூரிலா? நீயா?

“அதான் போன் இருக்குதல்லோ” என்றாள்.

இரண்டு வருடம். போன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். தன்னால் ஆனது ஹேண்டில்பாரைப் பிடிப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

காலை எட்டு மணி. மழை. கடைகள் திறக்கவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை.

“அக்கா, எந்தப் பக்கம்க்கா?” அவன் குரல் உடைந்தது.

முன்னால் தெரு இரண்டாகப் பிரிந்தது.

இடதுபக்க முனையில் ஒரு மாவு மில்.

அதன் வாசலில்தான் போன ஆடியில் டயர் பஞ்சரானது. மில்காரர் வந்து ஜாக்கி போட உதவினார். அவர் உடம்பெல்லாம் மிளகாய்த்தூள். வண்டி கிளம்பியும் தும்மல் நிற்கவில்லை. தும்மிக்கொண்டே மில் இருக்கும் தெருவிலேயே நேராகப் போனாள். நேராகப் போனால்…

கோயில். பெயின்ட் காயாத கம்பி. சேலையில் ஒட்டிய நீலம்.

இடதுபக்கம் திருப்பினாள்.

கோயில் வந்தது.

“அட!” என்றாள்.

கோயிலை ஒட்டி ஒரு தையல்கடை. தையல்காரர் ஆட்டோவில் மறந்துவிட்டுப் போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த கடை. அங்கே வலது.

பிறகு மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டர். சுவர் தெரியாமல் காகிதப்பூ. பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு குட்டிகள் ‘இன்னொருக்கா ஆன்ட்டி, இன்னொருக்கா’ என்று கெஞ்சியதில் அந்தத் தியேட்டரை அவள் மூன்று முறை சுற்றியிருக்கிறாள். அதன் பின்பக்கம் ரயில்வே கேட்.

கேட் திறந்திருந்தது.

யாரும் அவளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தெருக்கள் தாமாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன.

அந்தப் பெண் கையை நீட்டி அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“அக்கா… பள்ளம் பாத்து…”

“தெரியும் கண்ணு. இந்தத் தெருவுல மூணு பள்ளம். மூணும் எனக்குத் தெரியும்.”

ஒன்று. ஒதுங்கினாள்.

இரண்டு.

மூன்றாவது, மழைத் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்கே தெரியவில்லை. ஒதுங்கினாள்.

“பயப்படாத பவித்ரா” என்றான் அவன் மனைவியிடம். “அக்காவுக்கு இந்த ஊரே அத்துப்படி.”

கலாமணி கண்ணாடியில் பார்த்தாள். அவன் யாரைச் சொல்கிறான் என்று புரிய ஒரு நொடி ஆனது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. இருவரும் உள்ளே போனார்கள். அவள் கிளம்பியிருக்கலாம்.

மழை விடட்டும் என்று நின்றாள். மழை விட்டது. அப்புறமும் நின்றாள்.

ஒன்பதரைக்கு அவன் ஓடி வந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“பொண்ணுக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!”

அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளியின் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே ஓடினான்.

“உங்க சொந்தமாம்மா?” என்றார் காவலாளி.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டாள்.

வண்டியைக் கிளப்பியபோது போனுக்கு உயிர் வந்தது. பாலம் வேலை நடக்கும் ரோட்டுக்கே திரும்பிப் போகச் சொன்னது. அதை அணைத்து சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

வாசலைத் தாண்டினால் இடதுபக்கம் வீட்டுக்குப் போகும் ரோடு. தினமும் போவது.

எதிரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகளிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து வீடு தள்ளி வளைந்து எங்கோ போனது.

அதற்குள் அவள் ஒருநாளும் போனதில்லை.

ஆளில்லாத தெருவைப் பார்த்து ஒருமுறை ஹாரன் அடித்தாள்.

பிறகு உள்ளே விட்டாள்.