நாலு சொட்டு எச்சில்

"இன்னும் கொஞ்சம் துப்பும்மா குட்டி" என்று பல் டாக்டரின் உதவியாளர் பத்தாவது தடவையாகக் கெஞ்சினாள்.

ஏழு வயதுக் குட்டி வாயைக் கோணிக் கோணிப் பார்த்தாள். ஐந்து நிமிஷமாகியும், எச்சிலை அளந்து பார்க்கக் கொடுத்த குப்பியின் அடிதான் நனைந்திருந்தது.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய டீச்சர் அவள். நாற்பது வாண்டுகளை ஒரே முறைப்பில் கட்டிப் போடுகிறவள். மணி அடிக்கும்வரை ஒருத்தரும் இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். பெற்ற மகளை நாலு சொட்டு எச்சில் துப்ப வைக்க முடியவில்லையே.

"வீட்டுல தம்பி மேல துப்பத் தெரியுதுல்ல? இங்க மட்டும் என்னடி வந்துது?"

ஆறு மாசத்தில் நாலு பல் சொத்தை. இத்தனைக்கும் சாக்லேட்டைக் கண்ணில் காட்டுவதில்லை, இரண்டு வேளையும் பக்கத்தில் நின்று பல் தேய்க்க வைக்கிறாள். கணவன்தான் ஒளித்து வாங்கிக் கொடுக்கிறான் என்று வரும் வழியெல்லாம் போனிலேயே அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தாள்.

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எச்சில் ரொம்பக் கம்மி. பல்லை அலசிவிடறதே அதுதானே? இப்படி வறண்டு கிடந்தா சொத்தை வரத்தான் செய்யும். தண்ணி ஒழுங்கா குடிக்கறாளா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. குட்டி படிப்பது வேறு பள்ளிக்கூடம். அங்கே போகும் தண்ணீர் பாட்டில் தினமும் போன மாதிரியே திரும்பி வரும். அதற்காக நேற்றுகூட முதுகில் ஒன்று வைத்திருந்தாள்.

ஏன் குடிப்பதில்லை என்று டாக்டர் கேட்டார். குட்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். எங்க மிஸ் பாடத்துக்கு நடுவுல விடமாட்டாங்க. கேட்டா நிக்க வச்சிடுவாங்க."

அவ்வளவுதான், டீச்சர் பொரிந்து தள்ளிவிட்டாள். பச்சைக் குழந்தையை அடக்கி வைக்கிறவள் ஒரு மனுஷியா, அவளெல்லாம் பிள்ளை பெற்றவள்தானா, நாளைக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடப்போவதில்லை என்று ஒரே குதி. டாக்டரும் தலையாட்டினார்.

உதவியாளர் குப்பியை மூடி, பெயர்ச்சீட்டை ஒட்டினாள். கொஞ்சம் தயங்கினாள்.

"உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது, டீச்சர். என் பையனும் தண்ணி பாட்டிலை அப்படியேதான் திருப்பிக் கொண்டு வரான். உங்க கிளாஸ்தான், மூணாவது பெஞ்சு."