அதிகம் தேடப்பட்ட தெரு

தெருக்களைப் படம்பிடித்து மேப்பில் ஏற்றும் கேமரா வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் அந்த வீட்டுக்காரர். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? உள்ளே ஏதோ ஏடாகூடம் இருக்கிறது என்று டிரைவர் முடிவே கட்டிவிட்டார்.

“தள்ளுங்க சார்! மத்த தெருவுல எல்லாம் எப்ப வருவீங்கன்னு உயிரை எடுக்குறாங்க. நீங்க என்னடான்னா மறிக்கிறீங்க!”

“எங்க தெருதான் ஏற்கெனவே மேப்புல இருக்கே தம்பி?”

“அது ஆறு வருஷத்துப் படம். ஜனங்க எந்த இடத்தை அதிகமாத் தேடுறாங்களோ, அங்கதான் முதல்ல வண்டி அனுப்புவாங்க. இங்க பத்து வீடுதான், ஆனா தேடாத நாளே இல்லை.”

“புதுப் படம் ஏறினா, பழசு?”

“அது போயிடும். பழசு யாருக்கு சார் வேணும்?”

அவ்வளவுதான், மனிதர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டார்.

“அதுல என் பொண்ணு கேட்டுல சாஞ்சு நிக்கிறா. முகத்தை மங்கலாக்கிட்டாங்க, ஆனா அவ நிக்கிற தினுசு தெரியுது. காய்ச்சல்ல போய் அஞ்சு வருஷமாச்சு. வீட்டுல ஒரு போட்டோ கிடையாது, எல்லாத்தையும் என் சம்சாரம் கொளுத்திட்டா. பேச்சே எடுக்கக் கூடாதாம். கல்நெஞ்சக்காரி! அவளுக்குத் தெரியாம தினம் ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன்.”

‘பாதை அடைப்பு’ என்று பதிவு செய்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று வண்டித் திரையைத் தொட்ட டிரைவர், அதில் ஓடிய தேடல் கணக்கைப் பார்த்து அப்படியே நின்றார்.

“ஒரு தடவையா? நேத்து மட்டும் நாப்பது தடவை சார். அத்தனையும் உங்க வீட்டுக்குள்ளேருந்து. இதோ, இப்பக்கூட யாரோ பாக்குறாங்க!”

இருவரும் நிமிர்ந்தார்கள். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.

“அது... என் பொண்ணு ரூம் தம்பி. பூட்டியே கிடக்கு.”

டிரைவரின் கை தானாக ரிவர்ஸ் கியருக்குப் போனது.

வாசல் கதவு திறந்தது. ஒரு கையில் சாவி, ஒரு கையில் போனோடு அவர் மனைவி படியிறங்கி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கணவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“மீதியெல்லாம் நான் பாத்ததுங்க.”